குழந்தைக்குக் காது கேட்கிறதா? பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு, இவனும் பேசிடுவான்." ஒன்றரை வயதாகியும் 'அம்மா' என்று சொல்லாத குழந்தையைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் தேற்றுவார்கள். சில குழந்தைகள் தாமதமாகப் பேசுவதும் உண்டுதான். ஆனால் காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு இந்தத் தேறுதல் பெரிய நஷ்டம். ஒலியைப் பிரித்தறிய மூளை பழகுவது முதல் சில ஆண்டுகளில்தான். அது நிசப்தத்திலேயே கழிந்துவிட்டால், பிறகு எந்தக் கருவியைப் பொருத்தினாலும் பலன் குறைவு.

காது கேளாத குழந்தையும் முதல் ஐந்தாறு மாதம் 'ங்கா, ஆ, ஊ' என்று சத்தம் கொடுக்கும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. தட்டைத் தட்டினால் திரும்புகிறதே என்பீர்கள்; உங்கள் கையசைவைப் பார்த்துக்கூடத் திரும்பியிருக்கலாம். செல்போனில் பாட்டு போட்டால் பார்க்கிறான் என்பதும் கணக்கில் சேராது, வெளிச்சத்தைத்தான் பார்க்கிறான். முதுகுப் பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அதைச் சின்ன வீடியோவாக எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், உதவியாக இருக்கும். காதில் எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள்.

சரியான வழி, பிறந்த ஒரு மாதத்துக்குள் ஓஏஇ பரிசோதனை. தூங்கும் குழந்தையின் காதில் மெத்தென்ற சிறு முனையை வைப்பார்கள். வலி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். 'மறுபடி பார்க்கணும்' என்று சொன்னால் பதற வேண்டாம். காதில் அழுக்கோ நீரோ இருந்தாலும் அப்படி வரும். ஆனால் மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடக் கூடாது. அடுத்தது 'பெரா'. காதில் விழும் ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று இதில் தெரியும். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும் என்பதால், வரும் வழியில் தூங்கவிடாமல் கூட்டி வாருங்கள். எடை குறைவாகப் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தை என்றால் கூடுதல் கவனம் தேவை.

குறை உறுதியானால் முதலில் காதொலிக் கருவி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இதை இலவசமாகப் பெறலாம். அதில் பலன் இல்லாத கடுமையான குறைபாட்டுக்குத்தான் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை. வெளியில் செய்தால் பல லட்சம் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பலர் மாட்டிக்கொள்வது ஆவணத்தில். ரேஷன் அட்டையில் குழந்தையின் பெயரே இருக்காது! பிறப்புச் சான்றிதழ் வந்ததும் இ-சேவை மையத்தில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வருமானச் சான்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இவற்றோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் அட்டை வாங்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். பரிசோதனைக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள்.

அறுவை முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. காயம் ஆறி, சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்று சில குழந்தைகள் பயந்து அழும். அவர்களுக்கு அதுதான் முதல் சத்தம். அதன்பின் குறைந்தது ஓராண்டு கேட்டல், பேச்சுப் பயிற்சி. மையத்தில் சொல்லித்தருவதை வீட்டில் நீங்கள்தான் தினமும் செய்ய வேண்டும்: சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, பஸ்ஸில் போகும்போது, விடாமல் பேசிக்கொண்டே இருங்கள்.