கழுத்தில் வலி... கையில் ஊசி!

பி.காம். படித்தவனுக்குக் கழுத்துவலி வந்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாள் முழுக்கத் தலையைக் குனிந்து அடுத்தவன் பணத்தை எண்ணுகிற ஜென்மம்!

ஆனால் எனக்கு வந்தது சாதாரண வலி இல்லை. விழுப்புரத்தில் ஒரு மளிகைக் கடையின் வருஷக் கணக்கை முடித்துக் கொடுத்த மறுநாள் காலை, கழுத்தின் வலது பக்கம் கிளம்பி, தோள்பட்டையில் இறங்கி, நடுவிரல் நுனி வரைக்கும் 'விர்'ரென்று ஒரு மின்சாரம். மின்வாரியத்துக்குப் பைசா கட்டாமல் வந்தது! கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் நிம்மதி. அந்த போஸில் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். "என்னா சார், எதையாவது பறிகொடுத்துட்டீங்களா?" என்று நாலு பேர் விசாரித்தார்கள்.

"சுளுக்குடா, எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்" என்றாள் அம்மா. "தலகாணி இல்லாம படுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியப்பாதான், "திண்டிவனத்துல ஒருத்தர் சீனா ஊசி குத்துறாராம். மருந்தே கிடையாதாம்டா" என்றார். மருந்தில்லாத ஊசி! செலவு மிச்சம் என்று என் கணக்கு மூளை உடனே சம்மதித்தது. துணைக்குப் பெரியப்பாவும் கிளம்பினார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனோம். விக்கிரவாண்டி டோல்கேட்டின் ஒவ்வொரு வேகத்தடையும் என் நரம்போடு தனியாகப் பேசியது.

டாக்டர் இளைஞர். இயற்கை மருத்துவம் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். எடுத்த எடுப்பில் ஊசியைத் தொடவில்லை. "எந்த விரல்?" என்றார்.

"நடு விரல்."

"அப்ப ஏழாவது நரம்பா இருக்கும். கட்டை விரல்னா ஆறாவது, சுண்டு விரல்னா எட்டாவது."

கழுத்தில் எலும்பு ஏழு. நரம்பு ஜோடி எட்டு. கணக்கு இடிக்கிறதே என்றேன். முதல் நரம்பு, முதல் எலும்புக்கு மேலேயே கிளம்பிவிடுகிறதாம். (ஆரம்ப இருப்பு!) எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கியோ, எலும்பு முள்ளாக வளர்ந்தோ நரம்பின் வேரை அழுத்தினால், வலி கழுத்தோடு நிற்காது. நரம்பு போகிற வழியெல்லாம் போகும்.

கையில் பலம் குறையவில்லை என்று சோதித்துத் திருப்தியான பிறகே ஊசி. புது பாக்கெட்டை என் கண் முன்னால் கிழித்தார். மயிரிழை மாதிரி சன்னம். பிடரியில் இரண்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று. சீனர்கள் அந்த இடத்தை 'ஹெகு' என்கிறார்கள். குத்தியது தெரியவில்லை, பிறகு ஒரு மந்தமான கடுப்பு. இருபது நிமிஷம் முள்ளம்பன்றியாகப் படுத்திருந்தேன்.

படுத்தபடியே கதை கேட்டேன். 1938ல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அதில் சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் 1942ல் அங்கேயே இறந்துபோனார். திரும்பி வந்த பிஜாய் குமார் பாசு 1958ல் மறுபடி சீனா போய் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு கல்கத்தாவில் ஆரம்பித்து வைத்தார். 2003ல் மத்திய அரசு இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது.

சரி, கேட்குமா? 2015ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் 517 பேர். வழக்கமான வைத்தியத்தோடு ஊசியும் போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் வலி சற்றுக் குறைவு. ஆனால் பொய் ஊசி குத்தி அதோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நரம்பு அழுத்தத்தால் வருகிற வலி பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் தானாகவே தணியும் என்பதும் உண்மை. எனக்கு ஆறாவது தடவையில் வலி பாதியானது. ஊசியாலா, நாளாலா? இரண்டு பேர் கணக்கிலும் பாதிப் பாதி வரவு வைத்துவிட்டேன்.

இனிமேல்தான் விஷயமே.

முதல் நாள் என் ஊசிகளை எடுத்ததும் பெரியப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "வந்தது வந்தாச்சு, எனக்கும் ரெண்டு குத்துங்க." பொத்தான் கழலவில்லை. விரல் தடுமாறியது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி இருக்கா ஐயா?"

"வலியா? துளி கூட இல்ல. விரல் லேசா மரத்த மாதிரி. நடக்கறப்ப செருப்பு கழண்டு போறது தெரிய மாட்டேங்குது. வயசாச்சு இல்ல?"

விரல்களை வேகமாக மடக்கி நீட்டச் சொன்னார். முடியவில்லை. ஒரே கோட்டில் அடிமேல் அடி வைக்கச் சொன்னார். பெரியப்பா சுவரைப் பிடித்தார். டாக்டர் ஊசி டப்பாவை மூடினார்.

"ஐயா, உங்களுக்கு நான் குத்த மாட்டேன். இது நரம்பு வேர் இல்ல, தண்டுவடமே அழுந்துற மாதிரி தெரியுது. நாளைக்கே போங்க."

கையோடு கடிதம் எழுதினார், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு. வரும்போது ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்த அதே ஆஸ்பத்திரி! ஸ்கேனில் அவர் சொன்னதுதான் வந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன். போன பலம் முழுசாகத் திரும்பவில்லை. மேற்கொண்டு போகவும் இல்லை. விட்டிருந்தால் படுக்கைதான் என்றார்கள்.

ஆகவே நேயர்களே, ஊசி குத்திக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் பிடித்த டம்ளர் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுக்கு அடங்காவிட்டாலோ, விபத்துக்கோ காய்ச்சலுக்கோ பிறகு கழுத்து வலித்தாலோ, முதலில் ஆஸ்பத்திரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள்பட்டையில் தெரியாதவர் ஆழமாகக் குத்தினால் நுரையீரலிலேயே ஓட்டை விழலாம். "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க" என்று யாராவது சொன்னால், செருப்பைத் தேடுங்கள். மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத்தான்!

பெரியப்பா இப்போது தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். கொஞ்ச நேரம் ஆகிறது, ஆனாலும் யாரையும் தொட விடுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்:

"திண்டிவனத்து டாக்டர் கைராசிக்காரர்ப்பா. அவனைக் குத்திக் காப்பாத்தினார். என்னைக் குத்தாம காப்பாத்தினார்."