பெயர் தெரியாத மாத்திரை, தீராத தலைவலி

மருந்துக்கடையில் ‘தலைவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க’ என்று கேட்டதும் கத்தரிக்கோல் அட்டையின் குறுக்கே ஓடும். கைக்கு வருவது ஒரு துண்டு. அதில் மருந்தின் பெயர் பாதி எழுத்தோடு நிற்கும். காலாவதித் தேதி கடைக்காரரிடம் தங்கிவிட்ட மீதி அட்டையில் இருக்கும். ‘ஒரு செட்’ என்று கேட்டால் அந்தப் பாதிப் பெயரும் கிடையாது. சின்னக் காகித உறைக்குள் இரண்டு மூன்று நிறத்தில் மாத்திரைகள், அவ்வளவுதான். எப்போதோ தலை வலிப்பவருக்கு இதனால் பெரிய கேடு வந்துவிடாது. வாரத்தில் மூன்று நான்கு நாள் என்று வருஷக்கணக்கில் தலைவலியோடு குடும்பம் நடத்துகிறவர்களின் கதை வேறு. எந்த மருந்துக்கும் கேட்காத வலி என்று அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு, அந்த மருந்துகளே வளர்த்துவிட்ட வலி. அதிலிருந்து மீள முதல் தேவை இன்னும் வீரியமான மாத்திரை அல்ல. விழுங்குவது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை.

காரணம் இருக்கிறது. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ள ஒருவர் வலிநிவாரணியை அளவுக்கு மீறிய நாட்களில் எடுத்தால், மூளையின் வலியுணர்வு தணிவதற்குப் பதில் கூடுகிறது. மருந்தின் வேகம் இறங்க இறங்க வலி மறுபடி தலைதூக்குகிறது. அதை அடக்க அடுத்த மாத்திரை. இதற்குச் சர்வதேசத் தலைவலி வகைப்பாடு வரம்பு வகுத்திருக்கிறது. பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற தனி மருந்தானால் மாதத்தில் 15 நாள்; காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரை, எர்கோட்டமின், டிரிப்டான், டிரமடால் வகையானால் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்தக் கணக்கு நீடித்து, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலியும் இருந்தால், மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி என்று சந்தேகிக்க வேண்டும். கணக்கு மாத்திரைக்கு அல்ல, நாளுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ‘தினமும் ஒண்ணே ஒண்ணுதான் போடுறேன்’ என்பவர் வரம்பைத் தாண்டியவர். மருந்துக்கு மருந்து வரம்பு மாறும்போது, பெயரே தெரியாதவர் எந்த வரம்பை வைத்து எண்ணுவார்?

நோயாளிகளின் எண்ணிக்கையும் சிறியதல்ல. பெங்களூரைச் சுற்றிய நகர, கிராமப் பகுதிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 18 முதல் 65 வயதுக்குள் சுமார் நான்கில் ஒருவருக்கு ஒரே ஆண்டில் மைக்ரேன் வந்திருந்தது. இவ்வளவு பரவலான நோய்க்கு நம்மிடம் பித்தம், கண் பவர், சைனஸ் என்று வேறு பெயர்கள் தயாராக உள்ளன. அமெரிக்காவில் சைனஸ் தலைவலி என்று தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. நோய் தெரியாமல் மருந்து பலிக்காது. வலி வந்தபின் போடுவது ஒரு மருந்து. வலி வராமலிருக்கத் தினமும் எடுப்பது வேறு மருந்து. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற இந்த இரண்டாம் வகை பழையவை, விலை குறைந்தவை. புரோப்ரனலால் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மைக்ரேன் தடுப்புக்கென்றே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி. இதை மருத்துவர் முதல் நாளே சொல்லாததால்தான் பலர் பத்தாம் நாள் ‘கேட்கலை’ என்று விட்டுவிடுகிறார்கள். இவையும் கடையில் கேட்டு வாங்கக் கூடியவை அல்ல. ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது. கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு இன்னொரு தடுப்பு மருந்தான வால்புரோயேட்டை எழுதினால், அது கருவைப் பாதிக்கும் என்று சொல்லியே ஆக வேண்டும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவருக்கு மருந்துக்கடைதான் மருத்துவமனை. அதையும் அடைத்தால் அவர் எங்கே போவார்? அடைக்க வேண்டும் என்பதல்ல வாதம். 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி மருந்தை எடுத்துத் தர வேண்டியவர் பதிவுபெற்ற மருந்தாளுநர். மருந்தைப் பற்றி விளக்குவதை அவர் கடமையாக 2015 விதிமுறைகள் சொல்கின்றன. ‘மாசத்தில் எத்தனை நாள் போடுறீங்க?’ என்று அவர் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. இன்னொரு மறுப்பு நோயாளியிடமிருந்து வரும்: நிறுத்தினால் வலி உயிரை எடுக்கிறது. உண்மைதான், நிறுத்திய முதல் சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், வலி கூடவே செய்யும். ஆனால் வெறும் மனவுறுதியை நம்பி நிறுத்தச் சொல்வது இப்போதைய மருத்துவம் அல்ல. டென்மார்க்கில் 2020இல் வெளியான ஆய்வு, நிறுத்துவதோடு தடுப்பு மருந்தையும் உடனே தொடங்கச் சொன்னது. 720 பேரை வைத்து அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்விலோ, தடுப்பு மருந்து தொடங்கியவர்களில் பழைய மாத்திரையைத் தொடர்ந்தவர்களும் மாற்றியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். வழிமுறையில் சர்ச்சை இருக்கலாம். தடுப்பு மருந்து வேண்டும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. டிரமடால் போன்றவற்றைப் பழகியவர் மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே நம் பக்கம்தான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. வலிநிவாரணிகளில் டைக்ளோஃபெனாக் மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையிலும் டிரமடால் ‘எச்1’ அட்டவணையிலும் உள்ளவை. மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்பது விதிமீறல். மருந்து பில்லில் கடையின் உரிம எண், மருந்தின் பெயர், எண்ணிக்கை இருக்க வேண்டும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மாத்திரையால் ரத்த வாந்தியோ தடிப்போ வந்தால் 1800-180-3024இல் பக்கவிளைவாகப் பதியலாம். மருத்துவமனையில் சிகிச்சைக் குறிப்புகளின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வேறு மருத்துவரிடம் போகும்போது அந்த நகலும், வலித்த நாளையும் விழுங்கிய மாத்திரையையும் குறித்த பழைய காலண்டரும் கையில் இருந்தால், தலையை ஸ்கேன் எடுப்பதைவிடப் பல சமயம் அதிகம் தெரியவரும்.

ஸ்கேனே அவசரமாகத் தேவைப்படும் தலைவலிகளும் உண்டு: நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, கைகால் தளர்வது, பேச்சுக் குழறுவது, அடிபட்டபின் வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. பிரசவமான சில வாரத்துக்குள் வரும் கடும் தலைவலியைத் தூக்கமின்மை என்று வீட்டார் தள்ளிவிடக் கூடாது. மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். நிலைமை மோசமானால் 108ஐ அழைக்க வேண்டும். அவசர நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவர்களின் கடமை என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முன்பணம் கட்டினால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் வாசலில் நிறுத்தி வைக்க முடியாது.