மலைக்கு அப்பால் ஒரு தனி நாடு!

கூடலூர் நண்பர்களின் ஒரு நாள் மோட்டார் சைக்கிள் பிரயாணம்

காலையில் வெளிநாட்டுக்குப் புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியுமா?

தேனி மாவட்டம் கூடலூர்க்காரர்களுக்கு ஒரு காலத்தில் அது முடிந்த காரியம்தான்! ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைதான் எல்லை. இந்தப் பக்கம் சென்னை மாகாணம். அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே மகாராஜாவின் ஆட்சி. 'சக்கரம்' என்று தனி நாணயம். தபாலுக்கும் தனி இலாகா.

1947-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, திவான் சர் சி.பி.ராமசாமி அய்யர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாக விளங்கும் என்றார். அது மட்டும் நிலைத்திருந்தால், கூடலூரிலிருந்து குமுளிக்குப் போக இன்று பாஸ்போர்ட் வேண்டியிருக்கும்!

ஆனால் ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்தில் திவான் வெட்டப்பட்டார். காயத்துடன் உயிர் தப்பினார். அந்த மாதம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவுடன் சேரச் சம்மதித்தார். 1956 நவம்பர் 1-ந் தேதி கேரள மாநிலம் உதயமாயிற்று. தமிழர்கள் கிளர்ச்சி செய்து கேட்ட தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துடனேயே நின்றன.

அந்தப் பழைய 'வெளிநாட்டை'த்தான் ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சுற்றி வரக் கிளம்பினார்கள் இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் கூடலூர் நெல் விவசாயி. மற்றவர் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் 'மாப்பிள்ளை' என்றே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வார்கள். வாகனம், விவசாயியின் தகப்பனார் வாங்கி வைத்த பழைய புல்லட்.

தண்ணீர் ஏறிய மலை

திராட்சைப் பந்தல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி, வண்டி லோயர்கேம்ப் வந்து சேர்ந்தது. இங்கே 2013-ல் திறக்கப்பட்ட கர்னல் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. கூடலூர்க்காரர் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார். பள்ளத்தாக்கில் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைக்காரர் பெயரைச் சூட்டியவர்கள் உண்டு.

காரணம் எதிரே மலையில் தெரிகிறது. இராட்சதக் குழாய்கள் உச்சியிலிருந்து மின்சார நிலையத்துக்கு இறங்குகின்றன. அரபிக் கடலை நோக்கி ஓடும் பெரியாற்றை மலைமேல் மறித்து, ஒன்றே முக்கால் கிலோ மீட்டர் அளவுக்கு மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1887-ல் தொடங்கிய அணை வேலை 1895-ல் முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. அதன் பிறகு வைகையில் கலந்து மதுரைச் சீமைக்கும் போகிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் புல்லட் முனகிக்கொண்டு ஏறியது. வழியில் இரைச்சல் பாலம். பெயருக்கேற்ற இரைச்சல்! சற்று நேரத்தில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. குமுளி வந்துவிட்டது.

எல்லை ஊர்

ஒரே கடைத்தெரு, இரண்டு மாநிலங்கள். கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்லுகிறார், தமிழில் பேரம் பேசுகிறார். நண்பர்கள் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டு, கட்டஞ்சாயா குடித்துவிட்டுத் தேக்கடி ஏரிக்குப் போனார்கள். நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் நூறாண்டு கடந்தும் தலை நீட்டி நிற்கின்றன. படகில் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் யானை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். கூடலூர்க்காரரோ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நாற்றங்கால் அல்லவா அங்கே அலையடிக்கிறது!

1886 அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜா இந்த இடத்தைச் சென்னை அரசாங்கத்துக்கு 999 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார். ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய். 1970-ல் அது முப்பது ரூபாயாயிற்று.

தாயின் கேள்வி

குமுளியிலிருந்து சுமார் 13 கிலோ மீட்டரில் வண்டிப்பெரியாறு. வழியெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை. ஊர் நடுவே பெரியாறு ஓடுகிறது. அணைக்குக் கீழே உள்ள ஊர் இது.

தோட்டத்து லயத்தில் சிநேகிதரின் தாயார் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் பரிமாறினார். பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது.

"மழை வலுத்தா இங்கே ராத்தூக்கம் கிடையாதுப்பா. அணையிலே எத்தனை அடின்னு கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்போம்" என்றார் அந்த அம்மாள்.

கூடலூர்க்காரரின் கை சோற்றிலேயே நின்றது. அவர் வீட்டிலும் தினம் காலையில் அதே கேள்விதான். அங்கே அடி ஏறினால் ஆனந்தம். இங்கே அடி ஏறினால் அச்சம்.

வழக்குகள் டெல்லி வரை போயின. 2014 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கோர்ட்டு அடியைக் கணக்கிட்டுச் சொல்லலாம். தாயின் பயத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

அதற்கு முன், 2011 டிசம்பரில் தகராறு முற்றியபோது, பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். பாதை அடைபட்டது. ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் ஓடவில்லை. கீழேயிருந்து காய்கறி மேலே போகவில்லை. அந்த நாட்களில் இந்த இரு நண்பர்களும் பார்த்துக்கொள்ள வழியில்லை. மகாராஜா காலத்து எல்லை மறுபடியும் முளைத்துவிட்டதோ என்று தோன்றியதாம்.

திரும்பும் வழி

திரும்பும்போது வேறு பாதை. குமுளியிலிருந்து அணைக்கரை, புற்றடி. ஏலக்காய் மணம் மூக்கைத் துளைத்தது. மாலையில் கம்பம்மெட்டு. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. நடவுக்குத் தயாரான வயல்களில் தண்ணீர் பளபளத்தது.

"எவ்வளவு அழகு, மாப்பிள்ளை!" என்றார் தோட்டத்துச் சிநேகிதர். "எல்லாம் உங்க ஊர்த் தண்ணி, மாப்பிள்ளை" என்றார் விவசாயி.

இரவு கூடலூரில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது டெலிபோன் மணி அடித்தது. வண்டிப்பெரியாற்றிலிருந்து அம்மா. மேலே மழை பிடித்துக்கொண்டதாம்.

"அணையிலே எத்தனை அடியாம்?" என்று திண்ணையிலிருந்து ஆவலோடு கேட்டார் விவசாயியின் தகப்பனார்.

அதே கேள்வியைத்தான் மகனும் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார். விவசாயி ஒன்றும் பேசவில்லை. சிநேகிதரின் தோளில் கை வைத்து, அம்மாவின் பதிலுக்காக அவரும் காத்திருந்தார்.