கல்லினுள் ஊடுருவும் ராடார்: துட்டன்காமன் கல்லறை புகட்டும் பாடம்

புதையல் தோண்ட முற்பட்ட குழுவினர் 'ஸ்கானர்' இயந்திரத்துடன் கைது செய்யப்பட்டனர் என்ற செய்தி எமது நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒன்றாகும். புராதனச் சின்னங்களின் அடியில் மறைந்திருப்பதை இயந்திரமொன்று படம் பிடித்துக் காட்டிவிடும் என்ற நம்பிக்கையே இவர்களை இரவோடிரவாக மண்வெட்டியுடன் புறப்பட வைக்கின்றது. இந்நம்பிக்கை பேராசை கொண்டோருக்கு மட்டும் உரியதன்று. தேர்ந்த ஆய்வாளர்களையும் ஒரு நாட்டின் அமைச்சரையும் உலகப் பத்திரிகைகளையும் அதே நம்பிக்கை சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆட்கொண்டிருந்தது. எகிப்தில் 2015 முதல் 2018 வரை நிகழ்ந்த அவ்வரலாறு, நிலத்தையும் கல்லையும் ஊடுருவும் ராடாரின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருசேர விளக்குவதாக அமைந்துள்ளது.

லக்சர் நகருக்கு அண்மையிலுள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில் துட்டன்காமன் மன்னனின் கல்லறையை பிரித்தானிய அகழ்வாய்வாளர் ஹோவார்ட் கார்ட்டர் 1922 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான பொருட்களுடன் கிடைத்த இக்கல்லறை, ஏனைய மன்னர்களின் கல்லறைகளோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. இதற்குக் காரணம் யாது என்ற கேள்வி நீண்ட காலமாகவே இருந்து வந்தது. 2015 ஆம் ஆண்டு பிரித்தானிய எகிப்தியவியலாளரான நிக்கலஸ் ரீவ்ஸ் அதற்கொரு விடையை முன்வைத்தார்.

கல்லறையின் மாதிரி ஒன்றை அமைப்பதற்காக அதன் சுவர்கள் யாவும் முப்பரிமாண முறையில் மிக நுணுக்கமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தன. அப்பதிவுகளை ஆராய்ந்த ரீவ்ஸ், புதைகூடத்தின் வடக்கு, மேற்குச் சுவர்களில் பூச்சின் கீழே நேர்கோடுகள் தென்படுவதாகவும் அவை அடைத்து மறைக்கப்பட்ட வாயில்களின் விளிம்புகளாக இருக்கலாம் எனவும் கருதினார். வடக்குச் சுவருக்கு அப்பால் இருப்பது, முந்திய தலைமுறையில் ஆண்ட அக்கெனாத்தன் மன்னனின் பட்டத்தரசி நெபெர்டிட்டியின் கல்லறையாக இருக்கக்கூடும் என்பது அவரது ஊகமாகும்.

ஊகத்தைச் சோதிப்பதற்கு ஆகக் குறுகிய வழி சுவரில் ஒரு துளையிட்டுப் பார்ப்பதே. ஆனால் அச்சுவர் வெறும் சுவரன்று. துட்டன்காமனுக்குப் பின்னர் அரியணை ஏறிய ஆய், இறந்த மன்னனுக்குச் சடங்கு நிறைவேற்றும் காட்சி அதன் மீதுதான் தீட்டப்பட்டுள்ளது. சுமார் 3,300 ஆண்டுகள் நிலைத்துவிட்ட ஓவியத்தை ஒருவரின் ஊகத்திற்காகச் சிதைத்தால், ஊகம் பொய்த்த பின்னர் அதனை எவராலும் மீட்டுத் தர முடியாது. எனவே சுவரைத் தொடாமலே உட்புறத்தை அறியும் வழியாக ராடாரின் உதவி நாடப்பட்டது.

ராடார் செயற்படும் விதம் அடிப்படையில் எளிமையானது. கருவியின் அலைவாங்கியிலிருந்து மிகக் குறுகிய மின்காந்தத் துடிப்பு ஒன்று சுவரினுள் செலுத்தப்படுகின்றது. கல்லினூடாகச் செல்லும் அலை, தன்மையில் வேறுபட்ட இன்னொரு பொருளின் எல்லையைச் சந்திக்கும்போது அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகின்றது. கல் முடிந்து வெற்றிடம் ஆரம்பிக்கும் இடம் அத்தகையதோர் எல்லையாகும். உலர்ந்த சுண்ணாம்புக்கல்லில் இவ்வலை ஒரு நனோசெக்கனில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தூரம் செல்லும். எதிரொலி 40 நனோசெக்கனில் திரும்பி வந்தால், போவதற்கு 20, வருவதற்கு 20 எனக் கொண்டு, அவ்வெல்லை 2 மீற்றர் ஆழத்தில் உள்ளதெனக் கணிக்கலாம். பனிப்பாறைகளின் தடிப்பை அளப்பதற்கும் வீதிகளின் கீழுள்ள குழாய்களைக் கண்டறிவதற்கும் இதே முறையே கையாளப்படுகின்றது.

எனினும் கருவியின் திரையில் தோன்றுவது உட்புறத்தின் படமன்று. திரும்பி வந்த எதிரொலிகளின் வரிசையே அது. சுவரினுள் இருக்கும் ஒரு சிறு கல்லைக் கருவி நெருங்கும்போது தூரம் குறைகின்றது, விலகும்போது கூடுகின்றது. இதனால் அச்சிறு கல் திரையில் கவிழ்த்த வில்லைப் போன்ற வளைவாகத் தோன்றும். பயிற்சியற்ற ஒருவர் அதனை வளைந்த கூரையொன்று எனக் கருதிவிடலாம். அலை கல்லினுள் செல்லும் வேகத்தைப் பிழையாக மதிப்பிட்டால் கணிக்கப்படும் ஆழமும் பிழையாகிவிடும். பாறையின் இயற்கையான வெடிப்பும் எதிரொலி தரும். அறையின் எதிர்ப்புறச் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகூட சுவரினுள்ளிருந்து வந்ததைப் போன்று மயக்கம் தரக்கூடும். எதிரொலியின் வலிமையைக் கொண்டு சிலவற்றை ஊகிக்கலாமே தவிர, பொன்னா மரமா என்று பெயர் சொல்லும் ஆற்றல் ராடாருக்குக் கிடையாது.

இன்னுமொரு சங்கடமும் உண்டு. மீடிறன் கூடிய அலை நுணுக்கமான விபரங்களைத் தரும். ஆனால் அதிக ஆழம் செல்லாது. மீடிறன் குறைந்த அலை ஆழமாகச் செல்லும். ஆனால் சிறியவற்றைப் பிரித்தறியாது. ஈரமும் உப்பும் களிமண்ணும் அலையை விழுங்கிவிடுகின்றன. 1974 இல் அமெரிக்க, எகிப்திய ஆய்வாளர்கள் கிசா பிரமிட்டுகளில் இத்தகைய அலைகளைச் செலுத்தி ஆராய முயன்றபோது, கல்லில் தங்கியிருந்த ஈரப்பதன் அலையின் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டதால் அம்முயற்சி கைகூடவில்லை. பாலைவனத்தின் நடுவிலும் கல்லினுள் ஈரம் இருக்கும் என்பதை அறிஞர்கள் அன்று கண்டுகொண்டனர்.

இனித் துட்டன்காமன் கல்லறைக்குத் திரும்புவோம். 2015 நவம்பரில் ஜப்பானிய ராடார் நிபுணர் ஹிரோகட்சு வட்டனபே புதைகூடத்தின் சுவர்களைச் சோதித்தார். சுவருக்கு அப்பால் அறை இருப்பது 90 சதவீதம் உறுதி என அப்போதைய தொல்பொருள் அமைச்சர் மம்தூஹ் அல் தமாதி அறிவித்தார். 2016 மார்ச்சில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் வெற்றிடங்கள் மட்டுமன்றி உலோகமோ உயிர்ப்பொருளோ இருப்பதற்கான அறிகுறிகளும் உள்ளதாகக் கூறப்பட்டது. நெபெர்டிட்டி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டாள் என்ற தொனியில் உலகெங்கும் தலைப்புச் செய்திகள் வெளியாகின. பிற ராடார் வல்லுநர்கள் பலர் இவ்விளக்கத்தை ஐயத்துடனேயே நோக்கினர். அவ்வையத்திற்குத் தலைப்புச் செய்திகளில் இடம் கிடைக்கவில்லை.

அதே மாத இறுதியில் நெஷனல் ஜியோகிரபிக் அமைப்பின் ஆதரவுடன் வேறொரு குழு அதே சுவர்களைச் சோதித்தது. முதலாவது சோதனையின் முடிவு உறுதிப்படவில்லை. ஒருவர் 'உண்டு' என்கிறார், மற்றவர் 'காணவில்லை' என்கிறார். இந்நிலையில் சுவரைத் துளைக்காமல் மூன்றாவது சோதனையொன்றுக்கு எகிப்திய அரசு அனுமதி வழங்கியது. 2018 பெப்ரவரியில் இத்தாலியின் டியூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்செஸ்கோ பொர்செலியின் தலைமையிலான குழு, பல மீடிறன்களில் இயங்கும் வெவ்வேறு கருவிகளைக் கொண்டு சுவர்களை ஆராய்ந்தது.

அதன் முடிவு 2018 மே மாதம் வெளியிடப்பட்டது. இயற்கைப் பாறை முடிந்து செயற்கையாகக் கட்டப்பட்ட அடைப்புச் சுவர் தொடங்கும் எல்லை எதுவும் காணப்படவில்லை. வாயில் நிலைகளின் அடையாளமும் இல்லை. ஓவியத்தின் பின்னால் அறையொன்றின் சுவராகக் கொள்ளத்தக்க தட்டையான எதிரொலிப்பும் இல்லை. புதைகூடத்தை ஒட்டி மறைவான அறைகள் இருப்பதாகக் கொள்வதை ராடார் தரவுகள் ஆதரிக்கவில்லை என அக்குழு மிகுந்த உறுதியுடன் அறிவித்தது. கல்லறையிலிருந்து சில மீற்றர் கிழக்கே நடைபாதை போன்றதொரு வெற்றிடம் இருக்கலாமென வேறொரு ஆய்வை மேற்கோள் காட்டி 2020 இல் செய்தி வெளியானபோதிலும், அகழ்வின் மூலம் அது உறுதி செய்யப்படவில்லை.

மூன்றாண்டு காலப் பரபரப்பின் பின் எஞ்சியது ஏமாற்றம்தான் என்று சிலர் கூறக்கூடும். எமது நோக்கில் அது பெரும் வெற்றியாகும். 2016 இல் நிலவிய உற்சாகத்தில் சுவர் துளைக்கப்பட்டிருந்தால், பாறையைத் தவிர வேறெதையும் காணாமல் ஓவியம் மட்டும் சிதைந்திருக்கும். அது இன்றும் சிதையாமல் இருப்பதற்குக் காரணம் இரண்டாவது, மூன்றாவது சாட்சிகளுக்காகக் காத்திருந்த பொறுமையே.

அப்பொறுமை பலனளித்த உதாரணமும் எகிப்திலேயே உண்டு. 2015 ஒக்டோபரில் ஆரம்பிக்கப்பட்ட 'ஸ்கான் பிரமிட்ஸ்' திட்டத்தின் கீழ் கூபு மன்னனின் மாபெரும் பிரமிட்டு ஆராயப்பட்டது. அதன் வடபுற வாயிலுக்கு மேலே, சாய்த்து அடுக்கப்பட்ட பாரிய கற்களின் பின்னால் வெற்றிடமொன்று இருப்பதை முதலில் உணர்த்தியது ராடாரன்று. அண்டக்கதிர்களால் உருவாகி வானிலிருந்து பொழியும் மியூயோன் எனும் துகள்களைப் பதிவு செய்தபோதே அது புலப்பட்டது. பின்னர் ராடாரும் கழியொலியும் அதே இடத்தைச் சுட்டிக்காட்டின. வெவ்வேறு தத்துவங்களில் இயங்கும் மூன்று முறைகள் ஒத்துப்போன பின்னரே, 2023 பெப்ரவரியில் இரு கற்களுக்கிடையே இருந்த பொருத்தினூடாக மெல்லிய கமரா ஒன்று உட்செலுத்தப்பட்டது. சுமார் 9 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் கொண்ட நடைபாதை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. அதனுள் பொன்னும் இல்லை, பிணப்பேழையும் இல்லை. கட்டுமானத்தின் இரகசியம் ஒன்று மட்டும் இருந்தது. அதற்காக ஒரு கல்லேனும் உடைக்கப்படவில்லை.

எனினும் பத்திரிகையுலகம் இப்பாடத்தை முற்றாகக் கற்றுக்கொண்டதாகக் கூறுவதற்கில்லை. காப்ரே மன்னனின் பிரமிட்டின் கீழே நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்திற்குப் பிரமாண்டமான கட்டுமானங்கள் உள்ளதைச் செய்மதி ராடார் கண்டறிந்துவிட்டதாக 2025 மார்ச்சில் பரவிய செய்தி இதற்குச் சான்றாகும். ராடார் அலை பாறையினுள் அத்தனை ஆழம் செல்லாதென நிபுணர்கள் சுட்டிக்காட்டினர். எகிப்தின் மூத்த தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் இதனை முற்றாக நிராகரித்தார். ஆயினும் மறுப்பைவிடச் செய்தியே பன்மடங்கு வேகமாகப் பரவியது. 'அறிகுறி தென்பட்டது' என்பதை 'கண்டுபிடிக்கப்பட்டது' என எழுதும் பழக்கத்திலிருந்து நாமும் விடுபட வேண்டியுள்ளது.

இயந்திரம் தருவது எதிரொலியை மாத்திரமே. அதற்குப் பொருள் கூறுபவன் மனிதன். மனிதனின் ஆசை அப்பொருளை இலகுவில் வளைத்துவிடும். புதைகூடத்தின் சுவருக்கு முன்னால் நின்ற அறிஞர்களுக்கே அது நேர்ந்ததென்றால், காட்டுக்குள் இடிந்து கிடக்கும் ஆலயத்தின் அருகே கடன்பட்டு வாங்கிய இயந்திரத்துடன் நிற்பவனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் ஒலி எழுப்பியவுடன் அவன் மண்வெட்டியை ஓங்குகின்றான். அவன் தேடும் பொன் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. ஆனால் அவன் உடைத்த கல்லும் கலைத்த மண்ணும் சொல்லியிருக்கக்கூடிய வரலாற்றை இனி எந்த ராடாராலும் கண்டறிய இயலாது.