அகப்படாத திருடன்

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கோடை. பென்னாகரம் பக்கம் எங்கள் பெரியப்பா கொல்லையில் போர் மோட்டாருக்குப் போகும் ஒயரை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விடிந்ததும் கரண்ட் வந்தது, தண்ணீர் வரவில்லை. காய்ப்புக்கு வந்திருந்த தக்காளிச் செடிகள் மதியத்துக்குள் தலை தொங்கிவிட்டன. வரப்பில் கூடிய கூட்டத்தில் ஒருவர், “முகாம் ஆளுங்களாத்தான் இருக்கும்ணா, வேற யாரு?” என்றார். அவர் சொன்னது இலங்கை அகதிகள் முகாமை. பெரியப்பா தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நானும் ஆட்டினேன்.

ஒயரை உரித்துக் காப்பரைக் கிலோ கணக்கில் போடுகிற திருட்டு, முகாம் வாடையே இல்லாத ஊர்களிலும் நடக்கிறது. அதுவும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்த ஒரு பெயர்தான் நாக்கில் வந்தது. அன்று மாலையே போலீஸ் ஜீப் முகாமுக்குப் போனது. திருடன் கடைசிவரை அகப்படவில்லை. சந்தேகம் மட்டும் முகாமிலேயே குடியேறிவிட்டது.

புயலோ வெள்ளமோ போரோ, ஒரு பேரிடரில் சிக்கிய கூட்டம் ஓர் ஊருக்குள் வந்து இறங்கினால் அங்கே குற்றம் கூடுமா? நேராகக் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். அதற்கு நேராகப் பதில் தேட, இந்தத் தருமபுரி மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அணைக்கரையில் வந்து இறங்கியவர்கள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறத் தொடங்கினார்கள். போர் மூளும்போதெல்லாம் அலை அலையாக, மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழகக் கரைக்கு வந்தார்கள். ராமேசுவரம், மண்டபம் என்று பதிவு முடித்து, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். தருமபுரிக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் அணைக்கரை. நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு, தும்பலஅள்ளி என்று நம் மாவட்டத்தின் அணைப் பெயர்களே முகாம்களின் பெயர்களும் ஆயின. ஊருக்குத் தள்ளி, பஸ் நிறுத்தத்துக்குத் தள்ளி, பத்துக்குப் பத்து அறைகள். கடலோரத்தில் மீனோடு வளர்ந்தவர்கள், மழைக்காக வானம் பார்க்கும் மண்ணில் வந்து இறங்கினார்கள்.

இப்போது தமிழகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை, அத்தனை பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டார்கள். ஆண்களில் பலருக்குப் பெயிண்டிங் தொழில். நம்மூரில் புதுவீட்டுச் சுவர்கள் பலவற்றின் வண்ணம் அவர்கள் கைவண்ணம்தான்.

துப்பாக்கியும் துணிமூட்டையும்

எண்பதுகளில் ஈழத்தை ஒட்டிய வன்முறை தமிழகத்தில் நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து சுமார் 30 பேர் செத்தார்கள். 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை.

இவற்றைச் செய்தவர்கள் ஆயுதம் ஏந்திய இயக்கத்தார். பயிற்சியும் பணமும் ஆணையும் பெற்று வந்தவர்கள். கைக்குழந்தையும் துணிமூட்டையுமாகப் படகிலிருந்து இறங்கிய குடும்பம் வேறு. ஆனால் 1991க்குப் பிறகு விலை கொடுத்தது அந்தக் குடும்பம்தான். முகாம்களில் காவல் இறுகியது. பிள்ளைகளுக்கு உயர்கல்வி இடங்கள் சில ஆண்டுகள் இல்லாமல் போயின. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். யாரோ செய்த கொலைக்கு யாரோ கட்டிய அபராதம்.

ஹூஸ்டன் சொன்ன கணக்கு

இந்தக் கேள்வியைக் கணக்குப் போட்டுப் பார்த்த இடங்கள் உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பக்கத்து மாநிலத்து ஹூஸ்டனில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஹூஸ்டனில் கொலைகள் கூடின. “புயல்காரர்களால் ஊர் கெட்டது” என்ற பேச்சு தொலைக்காட்சி வரை போனது.

2010இல் ஷான் வரானோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஃபீனிக்ஸ் ஆகிய மூன்று நகரங்களின் குற்றப் பதிவுகளைப் புயலுக்கு முன், பின் என்று வைத்துப் பார்த்தார்கள். ஹூஸ்டனில் கொலையும் வழிப்பறியும், ஃபீனிக்ஸில் கொலையும் ஓரளவு கூடியிருந்தன. சான் அன்டோனியோவில் அப்படி எதுவும் தெரியவில்லை. மொத்தத்தில் பேச்சு பெரியது, பாதிப்பு சிறியது என்பதே அவர்கள் கண்டது. ஒரே புயல், ஒரே ஊரிலிருந்து கிளம்பிய மக்கள், போய்ச் சேர்ந்த ஊருக்கு ஊர் விளைவு மட்டும் வேறு. அப்படியானால் வந்தவர்களை மட்டும் பார்த்தால் போதாது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஊரில் தலைகள் கூடினால் வழக்குகளின் எண்ணிக்கையும் கூடும். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால்தான் குற்ற விகிதம் உண்மையிலேயே ஏறியதா என்று தெரியும். அத்தோடு, எந்தத் தெருவில் போலீஸ் அதிகம் நிற்கிறதோ அந்தத் தெருவில்தான் வழக்கும் அதிகம் பதிவாகும்.

எனக்கு ஹூஸ்டனைவிடக் கொலம்பியா சொன்ன சேதிதான் நெஞ்சில் தைத்தது. 2016இல் எல்லை மறுபடி திறந்ததும், வறுமையில் வெந்த வெனிசுவேலா மக்கள் கொலம்பியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊர்களில் கொலைகள் கூடின. பிரையன் நைட், ஆனா திரிபின் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் செத்தவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். கூடிய கொலைகளில் உயிரிழந்தவர்கள் வெனிசுவேலாக்காரர்கள். உள்ளூர் மக்கள் கொலையாவது குறிப்பிடும்படி கூடவில்லை. ‘குற்றம் கூடியது’ என்ற வரி வந்தவர்கள்மேல் பாயும் விரலாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அது அவர்களுடைய சாவுக் கணக்கு.

நம்முடைய கணக்கு

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். தருமபுரியின் பெயரை நாடு முழுக்கத் தலைகுனிய வைத்த குற்றங்கள் எவை?

1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், வழக்கு நடக்கும்போதே இறந்துபோனவர்கள் போக மீதமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

2000 பிப்ரவரி 2. இலக்கியம்பட்டியில் கல்விச் சுற்றுலா வந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரோடு எரிந்துபோனார்கள்.

2012 நவம்பர் 7. நத்தம் காலனியும் அதை ஒட்டிய தலித் குடியிருப்புகளும். ஒரே மாலையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தீக்கிரை.

இந்த மூன்றிலும் எங்கேயும் அகதி இல்லை. மூன்று சம்பவங்களை வைத்துக் குற்ற விகிதத்தைக் கணக்கிட முடியாதுதான். ஆனால் நாம் எந்தப் பக்கம் பார்த்துப் பயந்தோம், ஆபத்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு இவை சாட்சி.

ஓடி வருவது எப்படி இருக்கும் என்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, பல்லாயிரம் பேர் ஓசூர் வழியாகத் தப்பி வந்தார்கள். ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அன்றைக்குச் சத்திரத்திலும் பள்ளிக்கூடத்திலும் வந்து படுத்தவர்களை நாம் திருடர்கள் என்று நினைக்கவில்லை, நம்மவர்கள் என்று நினைத்தோம். இன்றும் நம் ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு பஸ் ஏறுகிறவர்கள் அங்கே ஏதோ ஒரு வரப்பில் ‘வந்தவங்க’தான்.

கையெழுத்து நாள்

சில மாதங்களுக்கு முன் ஒரு முகாமில் கணக்கெடுப்பு நாளன்று போயிருந்தேன். மரத்தடியில் மேசை, மேசைமேல் தடித்த பதிவேடு. குடும்ப அட்டையோடு வரிசை. வேலைக்கு வெளியூர் போனவர்களும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். இல்லாவிட்டால் பதிவில் சிக்கல், உதவித்தொகையில் சிக்கல். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு ஆயிரம், பிள்ளைகளுக்கு 500.

வரிசையில் ஒரு மூதாட்டி, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக அட்டை. “தொண்ணூறில வந்தனாங்கள் தம்பி. மண்டபத்தில இருந்து லொறியில ஏத்திக்கொண்டு வந்து இஞ்ச இறக்கினவை. ஒரு மாசம் எண்டு சொன்னவை” என்றார். பக்கத்தில் நின்ற பேரனைக் காட்டினார். கல்லூரி முடித்தவன். “இவன் இஞ்ச பிறந்தவன். இவனும் கையெழுத்து வைக்கத்தான் வேணும்.” பேரன் நம்மூர்ப் பேச்சில் சொன்னான்: “இன்டர்வியூல எல்லாம் நல்லாத்தாண்ணா போகும். அட்ரஸ் கேட்டதும் பேச்சு நின்னுடும்.”

திருடக்கூட நேரமில்லாத அளவுக்கு எண்ணப்படுகிறவர்கள் இவர்கள். ஒரு சின்ன வழக்கு முகாமில் ஒருவன்மேல் விழுந்தாலும் வெளிநாட்டுப் பயண அனுமதி முதல் தம்பியின் கல்லூரிச் சேர்க்கை வரை குடும்பம் முழுக்க நடுங்கும். குற்றம் செய்தால் இழப்பதற்கு நம்மைவிட அவர்களுக்கு அதிகம் இருக்கிறது.

சட்டத்தின் கண்ணில் அவர்கள் செய்த முதல் குற்றம் வந்ததுதான். பாஸ்போர்ட், விசா இல்லாமல் கரையேறியவர் சட்டவிரோதக் குடியேறி. அதற்கான தண்டனையிலிருந்து விடுபடவே இத்தனை காலம் பிடித்தது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, அந்தத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில்தான் மத்திய அரசு விலக்கு அளித்தது. குடியுரிமை அதோடு வரவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றப் படியேறிப் பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பால் மட்டும் அந்த வழி திறக்காது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆனது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கியது. நல்ல காரியம், மனதார வாழ்த்த வேண்டிய காரியம். குற்றத்தைத் தடுப்பதற்கு நான் அறிந்த வழியும் இதுதான்: கதவு பூட்டும் வீடு, பேர் சொல்லி வாங்கும் சம்பளம், மூன்று தலைமுறைக்குப் பிறகாவது ஒரு குடியுரிமைச் சான்று.

போன வருடம் பெரியப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வந்தவர்கள் முகாம்காரர்கள். மேஸ்திரிக்கு நாற்பதுக்கு மேல் வயது, சிறுபிள்ளையாகப் படகில் வந்தவர். பெரியப்பா வீட்டுச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வந்தார். நகைப் பெட்டி, பீரோ, எல்லாம் உள்ளே. ஆளைத் தெரிந்ததும் பயம் போய்விட்டது. ‘முகாம்’ என்ற சொல்லின் மேல்தான் அது இத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மேஸ்திரி கொல்லைப் பக்கம் பார்த்துக் கேட்டார்: “ஐயா, அண்டைக்குக் களவு போன வயர் பிறகு கிடைச்சுதா?”

ஜீப் வந்த அந்த மாலையை அவர் மறக்கவில்லை. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்” என்றார். அந்த வீட்டு நடுக்கூடத்தில் முகாம்காரர் ஒருவர் உட்கார்ந்து காப்பி குடித்தது அன்றுதான் முதல் தடவை.