சண்டிலிப்பாயில் எந்தத் திசையில் ஓடுவது?

குளிர்நாடுகளில் ஓடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் பழைய அறிவுரை ஒன்று உண்டு: புறப்படும்போது காற்றை எதிர்த்து ஓடு, திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். பிரான்சின் ஆற்றோரக் கிராமங்களில், பனிக்காலக் காலையில் இது நல்ல புத்திதான். வியர்த்து நனைந்த உடம்பில் எதிர்காற்று பட்டால் விறைத்துப்போகும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வரும் புலம்பெயர்ந்த உறவுகளோடு ஓட்டச் சப்பாத்துகளும், ஓடிய தூரத்தைச் சொல்லும் கைக்கடிகாரங்களும், கூடவே இந்த அறிவுரையும் யாழ்ப்பாணம் வந்துசேர்கின்றன. சப்பாத்திலும் கடிகாரத்திலும் பழுதில்லை. அறிவுரையைத்தான் யாழ்ப்பாணக் கிராமமான சண்டிலிப்பாயில் தலைகீழாகப் போட வேண்டும். இங்கே ஓட்டப் பாதையைத் தீர்மானிக்க வேண்டியது தூரமும் அல்ல, தரையும் அல்ல. சூடு எப்படி உடம்பை விட்டு வெளியேறுகிறது என்பதே முதற் கேள்வி.

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீற்றருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீற்றர் ஓடினால் 300 கிலோகலோரி. தசைகள் அதில் கால்வாசிக்கும் குறைவையே அசைவாக மாற்றுகின்றன. மிச்சம், 230 கிலோகலோரி அளவு, வெறும் வெப்பம். அது முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டால் உடல் வெப்பநிலை நாலரைப் பாகை செல்சியஸ் உயர்ந்து 41ஐத் தாண்டிவிடும். உயிராபத்தான நிலை அது. நம்மைக் காப்பது வியர்வை. 400 மில்லிலீற்றர் வியர்வை ஆவியானால் அவ்வளவு சூட்டையும் அது கொண்டுபோய்விடும். ஆனால் ஆவியாக வேண்டும். நாடியிலிருந்து சொட்டி நிலத்தில் விழும் வியர்வையால் நீர்தான் நட்டம், குளிர்ச்சி கிடையாது. ஆவியாவதற்குத் தோலின்மேல் காற்று ஓடவேண்டும். மணிக்கு 9 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவரின் முதுகில் அதே வேகத்தில் காற்று வீசினால், அவரைப் பொறுத்தவரை காற்றே இல்லை. உடம்பு சூடேறி, வெயிலும் ஏறிவிட்ட திரும்பு பாதியில் அந்த நிலை வருவதுதான் குளிர்நாட்டு அறிவுரையின் விளைவு.

இனி ஊரைப் பார்ப்போம். குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் பரந்த தட்டை நிலம். ஓட்டக்காரர் மூச்சிரைக்க ஒரு மேடு கிடையாது. வற்றாத ஆறும் கிடையாது, மழைநீர் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு ஏறக்குறைய 16 கிலோமீற்றர் போய், அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. அதன் போக்கு மொத்தத்தில் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு. யாழ்ப்பாணத்தின் இரு பெரும் காற்றுகளும் அதே கோட்டில்தான் வீசுகின்றன: வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து, மாரியிலும் தையிலும் வடகிழக்கிலிருந்து. ஆகவே சண்டிலிப்பாயிலிருந்து ஆற்றின் கரையோரம் ஓடுகிறவர் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் முதலில் கந்தரோடைப் பக்கம் போய், காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்பவேண்டும். வாடைக் காலத்தில் முதலில் அராலிப் பக்கம். எதிர்காற்றில் களைப்பு கூடாதா என்று கேட்கலாம். கூடும், சிறிதளவு. 1953 எவரெஸ்ட் குழுவின் உடலியல் அறிஞராக இருந்த கிரிஃபித் பியூ பிறகு இதை அளந்தார். வேகமான நடுத்தூரப் பந்தய ஓட்டத்திலேயே காற்றுத்தடைக்குப் போகும் பங்கு 8 சதவீதம் அளவுதான். மெதுவாக ஓடுகிறவருக்கு, மெல்லிய காலைக் காற்றில், அதைவிடக் குறைவு. குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலையாக அது மலிவு.

காற்றுக்கு அடுத்தது நிழல். இந்தச் செல்வம் ஊரின் ஒழுங்கைகளில் இருக்கிறது. நம் அகலாங்கில் சூரியன் ஏறக்குறைய நேராக மேலெழும். உதித்து ஒரு மணி நேரத்தில் 14, 15 பாகை உயரம், இரண்டு மணி நேரத்தில் 30 பாகைக்குக் கிட்ட. 2 மீற்றர் உயரமான கிடுகு வேலி முதல் மணி நேர முடிவில் 7 மீற்றருக்கு மேல் நிழல் விழுத்தும். இரண்டாம் மணி நேர முடிவிலும் மூன்றரை மீற்றர். சின்ன ஒழுங்கை ஒன்றை முழுவதும் மூட அது போதும். ஆனால் வடக்குத் தெற்காகப் போகும் ஒழுங்கைக்குத்தான் இந்தக் கணக்கு. கிழக்கு மேற்காகப் போகும் ஒழுங்கையில் வேலி எவ்வளவு உயர்ந்தாலும் காலை வெயில் நெடுகப் பாயும். கிடுகு வேலிகள் மதில்களாக மாறிவருவதால் நிழல் போய்விட்டதென்று சொல்லமுடியாது. காலையில் மதிலும் அதே நிழலைத்தான் தரும். மாலையில்தான் வேறுபாடு. பகலெல்லாம் குடித்த சூட்டைச் சீமெந்து அந்நேரம் திருப்பி வீசும், கிளுவையும் பூவரசும் வீசுவதில்லை. சிக்கல் இன்னொன்றும் உண்டு: நிழல் தரும் வேலி காற்றையும் மறிக்கும். அதனால் காலையில் வெயில் ஏறமுன் திறந்த வயற்கரையும், பின்னர் ஒழுங்கையும். மாலையில் அதை மாற்றி, ஒழுங்கையில் தொடங்கிக் கரையில் முடிக்கலாம்.

விடியற்காலையில்தானே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை எப்படி உலரும் என்பது அடிக்கடி வரும் மறுப்பு. ஈரப்பதச் சதவீதம் அப்போது அதிகந்தான். ஆனால் அந்தச் சதவீதம் வெப்பநிலையைச் சார்ந்தது. 26 பாகையில் 90 சதவீதமும் 32 பாகையில் 65 சதவீதமும் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்தில் ஏறக்குறைய ஒன்றே. வியர்வை உலரும் வாய்ப்பு இரண்டு வேளையிலும் சமம். பகலில் மட்டும் வெயிலும் சுடுகாற்றும் மேலதிகமாகச் சேர்கின்றன. இன்னும் நுட்பமான மறுப்பு, விளையாட்டு மருத்துவர்கள் பயன்படுத்தும் வெப்ப அளவீட்டை வைத்து எழுப்பப்படுவது. 1950களில் அமெரிக்கப் படைமுகாம்களுக்காக உருவான அந்த அளவீட்டில் 70 பங்கு ஈரக்குமிழ் வெப்பமானிக்கு, 20 பங்கு வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்கு, 10 பங்குதான் வெறும் காற்றுக்கு. அப்படியானால் நிழலின் பயன் ஐந்திலொன்றுதானே? ஆம். ஆனால் வெயிலில் அந்தக் கோளம் காற்றைவிடப் 10, 15 பாகை கூடச் சுடும். அதில் ஐந்திலொன்று 2 அல்லது 3 பாகை. அந்த அளவீட்டில் 28 பாகையைத் தாண்டினாலே வீதியோட்டப் போட்டி வைப்பது கேள்விக்குரியதாகிவிடும் என்கிறபோது, 2 பாகை என்பது ஓடுவதற்கும் வீட்டிலிருப்பதற்கும் இடையிலுள்ள தூரம்.

தரை பற்றிய கவலைதான் எல்லோரிடமிருந்தும் முதலில் வருகிறது: தார் வீதியில் ஓடினால் முழங்கால் தேயும் என்று. கால் ஒரு சுருள்வில்; தரை இளகினால் அது விறைக்கும், தரை இறுகினால் அது நெகிழும். ஃபெரிஸ், லூயி, ஃபார்லி ஆகியோர் 1998இல் இதை அளந்து காட்டினர். ஆகவே மெத்தென்ற தரை உடம்புக்கு நாம் நினைக்கும் அளவு உதவுவதில்லை. மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாவதாகவும் அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு சொல்கிறது. கூடுதல் சக்தி என்றால் கூடுதல் சூடு. முழங்காலைப் பொறுத்தவரை, 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும் ஓடாதவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு காணப்பட்டது. மூட்டு நொந்தவர்கள் ஓட்டத்தையே விட்டிருப்பார்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே விழுங்கக்கூடாது; என்றாலும் ஓட்டம் முழங்காலைத் தின்னும் என்ற பேச்சுக்கு அவை இடம் கொடுக்கவில்லை. போட்டிக்காக ஓடுகிறவர்களிடம் 13.3 சதவீதம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மானிப்பாய் வழியாகக் காரைநகர் போகும் பெருவீதியில் ஓடவேண்டாம் என்பதற்குக் காரணம் தார் அல்ல. பஸ்ஸும், மோட்டார் சைக்கிளும், ஓடும்போது பல மடங்காகும் மூச்சில் உள்ளே போகும் புகையுந்தான்.

வயற்கரைக்கு எதிரான வாதங்கள் இவற்றைவிடக் கனமானவை. புடையன் பாம்பு வயலை அண்டி வாழ்வது, இருட்டில் இரை தேடுவது. ஆகவே மாலை ஓட்டத்தை இருள் விழமுன் முடித்துவிட வேண்டும், புல் மூடிய வரம்பில் கால் வைக்கக்கூடாது. மாரியில் வெள்ளம் நின்ற வயலில் காலில் கீறல் காயத்தோடு இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வாசல் திறப்பது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மாதங்களில் ஒழுங்கைகளே போதும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடப்பதுதான் வழி. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பெண்கள் தனியே ஓட இந்த ஒழுங்கைகள் ஏற்றவையா என்ற கேள்விக்கு உடலியலில் விடையில்லை. வீதி விளக்கும், காலையில் நாலு பேர் சேர்ந்து ஓடும் வழக்கமுந்தான் அதைத் தீர்க்கும்.

பிரான்சிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஓட்ட அறிவுரை அல்ல, ஒரு சட்டம். அங்கே அரசுக்குரிய ஆறுகளின் ஓரத்தில் காணி வைத்திருப்பவர் 3.25 மீற்றர் அகலத்தை வேலியடைக்காமல், கால்நடையாகப் போகிறவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த வழக்கத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. படகு இழுப்பு நின்றபின்னும் பாதை நிலைத்துவிட்டது. வழுக்கையாற்றில் படகு ஓடவில்லை. ஆனால் கரை அடைபடாமல் இருந்தால் மாரி வெள்ளம் தங்கு தடையின்றி அராலிக்குப் போகவும் வழி கிடைக்கும், ஓடுகிறவருக்கும் நடக்கிறவருக்கும் காற்றோட்டமான பாதையும் கிடைக்கும். ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில் அதைத் தூர்வாரும்போது, வாரும் மண்ணை ஒரு கரையில் 3 மீற்றர் அகலத்துக்குப் பரப்பி இறுக்கி, அதன் கிழக்கு ஓரத்தில் பூவரசங் கதிகால் நடுவதற்குப் பிரதேச சபையும் கமக்கார அமைப்புகளும் இப்போதே பேசி முடிவெடுக்க வேண்டும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அந்த வேலைக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டிவரும்.