இரண்டு லோகோவுக்கு நடுவே ஒரு டாங்கி

பெரிய ரயில் கம்பெனிகள் ஓட்டிக் கழித்த லோகோக்களை வாங்கி, சரிபார்த்து ஓட்டுவதுதான் அமெரிக்காவின் சின்ன ரயில்வேக்களில் வழக்கம். ஃபுளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வேயிலும் 1970-களில் வடிவமைத்த எஸ்டி40-2 ரக லோகோக்கள் நெடுங்காலம் சரக்கு இழுத்தன. ஜாக்சன்வில்லிலிருந்து மயாமி வரை கடலோரமாக 351 மைல். அதன் பாதை அவ்வளவே. அப்படிப்பட்ட கம்பெனி 2014-இன் இறுதியில் 24 புத்தம்புது லோகோக்களை இறக்கியது.

ஜெனரல் எலெக்ட்ரிக் தயாரித்த இஎஸ்44சி4 ரகம் அது. 4,400 குதிரைத்திறன். டீசல் இன்ஜின் மின்சாரம் தர, அச்சுகளில் பூட்டிய மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றும். அச்சு ஆறு, மோட்டாரோ நான்கு. பழைய டி.சி. மோட்டார்கள் ஆறு செய்த வேலைக்கு ஏ.சி. மோட்டார் நான்கே போதும். மோட்டார் இல்லாத நடு அச்சுகள் பாரம் தாங்க மட்டும். வண்டி கிளம்பும்போது அந்தப் பாரத்திலும் ஒரு பகுதியைக் காற்றழுத்தத்தால் மற்ற அச்சுகளுக்கு மாற்றிவிடுவார்கள், சக்கரம் வழுக்காது. மலைப்பாதையானால் ஆறு மோட்டார் கேட்கும். ஃபுளோரிடா தட்டை பூமி.

அதைவிடச் சுவையானது எரிபொருள் மாற்றம். இரண்டு லோகோக்களுக்கு நடுவே, எரிபொருள் சுமக்கும் ஒரு டெண்டர் வண்டி. நீராவி இன்ஜினோடு போன டெண்டர் வேறு வடிவில் திரும்பிவிட்டது! அதில் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு. திரவமானால் கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். டாங்கிக்கு ஃபிளாஸ்க் போல இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். திரவத்தைச் சூடாக்கி, வாயுவாக்கி இருபக்க லோகோக்களுக்கும் அனுப்புகிறார்கள். டீசல் இன்ஜினின் அழுத்தச் சூட்டில் இந்த வாயுவிலுள்ள மீத்தேன் தானாகப் பற்றாது. கொஞ்சம் டீசல் பீய்ச்சித்தான் கொளுத்தவேண்டும். அதனால் வாயு 80 சதவீதம் வரை போனாலும் டீசல் முழுதாக விலகுவதில்லை. வாயு தீர்ந்தால் முழு டீசலில் ஓடலாம்.

இது இங்கே கைகூடியதற்குக் காரணம் ரயில்வேயின் சிறிய அளவுதான் என்பேன். லோகோக்கள் இரு முனைகளுக்கு நடுவேதான் போய்வருகின்றன. வாயு நிரப்ப ஓரிரு இடம் போதும். ஆயிரக்கணக்கான மைல் ஓடும் பெரிய கம்பெனி ஊர்ஊராக நிரப்புநிலையம் கட்டவேண்டும். 2014-இன் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்ததும் பெரிய கம்பெனிகளுக்கு இதில் இருந்த ஆர்வமும் தணிந்தது. ஃபுளோரிடாக்காரர்கள் விடவில்லை, 2017-க்குள் 24 லோகோக்களையும் மாற்றி முடித்தார்கள். புகைக்கரி குறைந்தது. ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பலமடங்கு வெப்பம் பிடிக்கும். இந்த இன்ஜினைப் பசுமை என்று புகழ்பவர்கள் அந்தக் கணக்கையும் போடவேண்டும்.